பெருக்கிவிட்டுப் போன திருடன்

திருடனைப் பிடித்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று கொழுந்தன் எதிர்பார்த்ததில் தப்பு ஒன்றும் இல்லை. பிடித்தது திருடனை இல்லை என்பதில்தான் தப்பு.

துப்பறியும் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் எழுத்தாளர் மாநாட்டின் கடைசி நாள். மேடையில் திருப்பம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் புத்தக அட்டைகளுக்கே மறந்துபோயிருக்கும். பல் வலியைப் பற்றிப் பேசினாலும் விரலை உயர்த்தி, "இங்கதான் ஒரு திருப்பம்" என்பார். அதனால் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அவர் விரலை உயர்த்திய அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய ஒருவர் மேடைமேல் ஏறி, திருப்பத்தின் நாற்காலி ஓரம் இருந்த தோல் பையைப் பிடுங்கிக்கொண்டு நடைவழியில் இறங்கி ஓடினார்.

மண்டபம் மொத்தமும் குனிந்து குறிப்பெழுதத் தொடங்கியது. கொழுந்தன் மட்டும் பாய்ந்தான்.

அது 'சாட்சிப் பயிற்சி'; ஓடுகிறவர் வாடகைக்கு அமர்த்திய நாடகக்காரர்; பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். இதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் கொட்டை எழுத்தில் இருந்தது. கொழுந்தனின் நிகழ்ச்சி நிரலோ, நாலாக மடிந்து, ஆடிக்கொண்டிருந்த அவன் நாற்காலியின் காலுக்கடியில் இருந்தது. தவிரவும், அண்ணியிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிற ஒரு ஆளையாவது ஓடிப் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வரும் வழக்குகளில் யாரும் ஓடுவதில்லை. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, கடைப் பங்காளி நாணயமானவனா என்று விசாரிப்பார்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் சாவகாசமாக உட்கார்ந்தபடியேதான் பொய் சொல்வார்கள்.

பாய்ந்தவன் நாடகக்காரரின் காலைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் உருண்டு, தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய மேசையைச் சாய்த்து, அதனடியில் அடங்கினார்கள். பை மட்டும் அடங்கவில்லை. மேலே பறந்து, வாய் பிளந்து, முதல் வரிசைமேல் தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டியது. கடலைத் தோல், வாழைப்பழத் தோல், காலியான மாத்திரை அட்டை, கசங்கிய காகிதங்கள், ஒற்றைச் சாக்ஸ்.

முதல் வரிசையில் மடியில் வாழைப்பழத் தோலோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "பயிற்சிங்க இது," என்றார் சலிப்பாக. "பாதிதான் எழுதியிருந்தேன். கெடுத்துட்டீங்க."

மேசைக்கடியில் நாடகக்காரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். "வசனம் எனக்கு இல்லைன்னு சொன்னாங்க. இருந்திருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

கடைசி வரிசையிலிருந்து அண்ணி எழுந்து வந்தாள். 'நிஜத் துப்பறிவாளருடன் ஒரு சந்திப்பு' என்று மாநாட்டுக்காரர்கள் அவளையும் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் தூங்கும் நேரத்தை அவளுக்கு ஒதுக்கி மரியாதையும் செய்திருந்தார்கள். அவள் கொழுந்தனைச் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினாள். ஈரமான அவன் முதுகில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து, ஒரு பார்வை பார்த்து, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணி அது?"

"குப்பை."

"கைப்பையிலயா போடுவாங்க?"

"சில குப்பையை."

அதற்குமேல் கேட்க அவகாசம் இல்லை. மேடையிலிருந்து திருப்பத்தின் குரல் மைக்கில் அலறியது. "என் பதக்கம் எங்க?"

முந்தின நாள்தான் அவருக்கு வாழ்நாள் சாதனைப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் அவர் சீடர்கள். தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் அவர். அந்தப் பதக்கத்தைப் பயிற்சிக்காகத் தன் கையாலேயே பையில் வைத்ததாகவும், இப்போது பையில் பதக்கத்துக்குப் பதில் குப்பை இருப்பதாகவும் அவர் அறிவித்தபோது, மண்டபத்தில் ஓர் ஆனந்தப் பெருமூச்சு எழுந்தது. இரண்டு நாளாகக் காகிதத்திலேயே குற்றம் செய்து அலுத்துப் போனவர்கள்.

மேடைக்கு அடுத்த ஓய்வறைக்கு எல்லாரும் ஓடினார்கள். வாசலில் கையை விரித்துக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, திருப்பம் மட்டும் உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி செம்மண். தரையில் ஒரு குரோட்டன்ஸ் இலை. மூன்றையும் அவர் பார்த்த விதத்தில் முன்பே அறிமுகமானவர்களைப் பார்க்கும் பிரியம் தெரிந்தது.

"காலையில நான் டீ குடிக்கப் போனப்ப இந்த அறையில பையோட தனியா இருந்தது ஒரே ஒரு ஆள்," என்றார். "அந்த நடிகன். பதக்கத்த எடுத்துட்டு, கனம் குறைஞ்சது தெரியக் கூடாதுன்னு குப்பைய அடைச்சிட்டான். பாவி, நானும் பையத் தூக்கிட்டு மேடைக்கு வந்துட்டேன். எங்க ஒளிச்சு வெச்சான்? இந்த மூணு தடயமும் என்கிட்ட பேசுது. என்ன பேசுதுன்னு நிறைவு விழாவுல சொல்றேன்."

"இப்பவே சொல்லலாமே சார்," என்றாள் அண்ணி.

திருப்பம் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அம்மா, நீங்க நிஜத்துல துப்பறியறவங்க. அதுல சுவாரஸ்யம் கிடையாது. பத்திரிகைக்காரங்க நிறைவு விழாவுக்குத்தான் வர்றாங்க."

மாநாட்டுச் செயலாளர் தலையாட்டினார். போலீஸ் இப்போதே வந்தால் மதியச் சாப்பாடும் நிறைவு விழாவும் கெட்டுப்போகும். ஆகவே விழா முடிந்ததும் குற்றவாளியை ஒப்படைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. திருட்டுக்கும் நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் கிடைத்தது.

குற்றவாளியை மடக்கு நாற்காலிகள் அடுக்கிவைக்கும் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கணுக்கால் வீங்கிப் பலாச்சுளை மாதிரி இருந்தது. கொழுந்தனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனது என்னவோ செய்தது. கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டான்.

"இறுக்கிக் கட்டாதீங்க தம்பி. ஏற்கெனவே நீங்க கட்டிப்பிடிச்சதே போதும்," என்றார் நாடகக்காரர்.

"மன்னிச்சிருங்க அண்ணே. நிகழ்ச்சி நிரல நான் படிக்கல."

"நானும்தான் படிக்கல. எனக்கு ஒருத்தரும் குடுக்கல."

அண்ணி ஒரு நாற்காலியை விரித்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "பதக்கத்த எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

நாடகக்காரர் சுவரைப் பார்த்தார். "சார் சொல்லுவாரு."

"என்ன சொல்லுவாரு?"

"சொல்ல வேண்டியதச் சொல்லுவாரு. பெரிய மனுஷன்."

"வீட்டுல யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் முகம் ஆடியது. ஒரே மகள். அடுத்த வாரம் கல்யாணம். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். "நாடகக்காரன் பொண்ணுன்னு மொதல்ல யோசிச்சாங்க. பையன்தான் பிடிவாதமா நின்னான். இன்னைக்கு ராத்திரி நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தேன்னு தெரிஞ்சா, அந்தப் பையன் எந்தக் கால்ல நிப்பான்? என் காலு மாதிரிதான் ஆகும்."

மாப்பிள்ளைகளை விசாரிப்பதே அண்ணியின் தொழில். பெண்ணைப் பெற்றவன் பெயரில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் அந்தப்பக்கம் எப்படிப் பின்வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எழுந்தாள். தாழ்வாரத்துக்கு வந்ததும் கொழுந்தன் மெல்லக் கேட்டான்.

"அண்ணி, எல்லாம் என்னாலதான?"

"பாதி."

"மீதி?"

"அதத்தான் தேடப்போறோம். சாட்சிங்ககிட்ட பேசிட்டு வா."

சாட்சிகள் நாற்பது பேர். நாற்பது பேரும் எழுத்தாளர்கள். அதாவது, ஒருவர்கூடச் சாட்சி இல்லை. ஓடியவர் நொண்டினார் என்றார் ஒருவர். இடதுகைக்காரர் என்றார் இன்னொருவர். கன்னத்தில் தழும்பு என்றார் மூன்றாமவர், முகத்தைத் துணி மூடியிருந்ததே என்று கேட்டதற்கு, "தழும்பு இல்லாம எப்படிங்க?" என்று வருத்தப்பட்டார். மடியில் வாழைப்பழத் தோல் விழுந்த அம்மாள், ஓடியது இரட்டையரில் ஒருவர் என்று கண்டுபிடித்திருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுத அங்கே யாருக்கும் கை வரவில்லை.

"எனக்கு மொதல்லயே திருப்பம் சார் மேலதான் சந்தேகம் வந்துச்சு," என்றான் கொழுந்தன், திரும்பி வந்து. "ஆனா விட்டுட்டேன்."

"ஏன்?"

"முதல்ல சந்தேகப்படற ஆள் குற்றவாளியா இருக்கக் கூடாது. நேத்து வகுப்புல சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"திருப்பம் சார்."

அண்ணி நின்றாள். கொழுந்தனும் நின்றான். தான் சொன்னது தன் காதிலேயே விழ அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"திருடன் பாடம் நடத்தினா திருட்டு எப்படி இருக்காதுன்னுதான் நடத்துவான்," என்றாள் அண்ணி. "வா, அறையப் பாப்போம்."

ஓய்வறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பூந்தொட்டிகள். செம்மண்ணும் இலையும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அண்ணி அவற்றைப் பார்க்கவே இல்லை. மேசைக்கடியில் குனிந்தாள். நாற்காலியை நகர்த்தினாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"காலையில இங்க வந்தியா நீ?"

"ஆட்டோகிராப் வாங்க எட்டிப் பார்த்தேன். அப்ப இருந்த கோலத்தைப் பாக்கணுமே. மேசை முழுக்கக் கடலைத் தோலு. நாற்காலிக்கடியில தோலு. நேத்தைய பேப்பர் பக்கம் பக்கமா. சாக்ஸு ஒரு பக்கம். மனுஷர் ஒரு கையால தோலுரிச்சுக்கிட்டே இன்னொரு கையால கையெழுத்துப் போட்டாரு."

"இப்ப?"

கொழுந்தன் சுற்றிப் பார்த்தான். ஒரு தோல் இல்லை. ஒரு தூசி இல்லை. "கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"ஒரு திருடன் வர்றான். யாரு எப்ப உள்ள வருவாங்களோன்னு பயம். பதக்கத்த எடுக்கிறான். பைய நெரப்பணும். என்ன பண்ணுவான்? நாலு பேப்பரச் சுருட்டித் திணிச்சிட்டுப் போவான். மேசைக்கடியில மண்டி போட்டு ஒவ்வொரு தோலாப் பொறுக்கிக்கிட்டு இருப்பானா?"

"சுத்தம் சோறு போடும்னு வளர்ந்தவனா இருக்கலாம்."

"எல்லாத்தையும் சுத்தமாப் பெருக்கினவன், ஜன்னல்ல மண்ணையும் தரையில இலையையும் மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்?"

கொழுந்தனின் வாய் தானாகத் திறந்தது. நேற்றைய வகுப்பு அவன் காதில் திரும்ப ஒலித்தது. திருப்பம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன பாடம்: 'வாசகன் கண்ணுல படற ஒவ்வொரு பொருளும் வேலை செய்யணும். வேலை செய்யாத பொருளத் தூக்கி எறி.' அந்தப் பாடத்துக்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டதே கொழுந்தனின் கதையைத்தான். கதையில் கொலையுண்டவன், சாவதற்கு முன்னால் ஒரு குடை ரிப்பேர் கடையில் குடையைக் கொடுத்துவிட்டு வருகிறான். அந்தக் கடைப் பெண்ணைப் பற்றிக் கொழுந்தன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். 'கொலைக்கும் குடைக்காரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று திருப்பம் கேட்டார். 'இல்ல சார்.' 'அப்ப அவளத் தூக்கி எறி.' நாற்பது பேர் சிரித்தார்கள். கொழுந்தனும் சேர்ந்து சிரித்துவைத்தான். சிரிக்காமல் இருந்தது கடைசி வரிசையில் இருந்த அண்ணி மட்டும். ஆனால் அண்ணி பொதுவாகவே சிரிக்கிற ரகம் இல்லை.

"தடயத்துக்குப் பக்கத்துல குப்பை இருந்தா அவருக்குப் பொறுக்காது," என்றான் மெதுவாக. "இது திருட்டு நடந்த அறை இல்ல அண்ணி. எழுதின அறை."

"இப்பத்தான் என்கிட்ட வேலை பாக்கிறவன் மாதிரி பேசற."

"ஆனா இதச் சொன்னா நம்புவாங்களா? அந்த நடிகன் சுத்தக்காரன்னு சொல்லிட்டுப் போயிருவாரு."

"நம்ப மாட்டாங்க." அண்ணி ஜன்னலை மூடினாள். "உன் கதைய அவர்கிட்ட குடுத்தேன்னு சொன்னியே. எப்ப குடுத்த?"

கொழுந்தனுக்கு வெட்கம் வந்தது. குடைக்காரியைத் தூக்கி எறிய மனம் வராமல், முழு அத்தியாயத்தையும் படித்தால் மனம் மாறுவார் என்று அப்படியே கொடுத்திருந்தான். "அவர் பேச மேடை ஏறப் போனாரே, அப்ப. படிக்கட்டுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு கையில பை. இன்னொரு கையால வாங்கிக்கிட்டாரு. இன்னைக்கே படிக்கிறேன் தம்பின்னாரு."

"வாங்கி எங்க வெச்சாரு?"

"நெஞ்சோட சேர்த்து அணைச்சாரு அண்ணி. அதுக்கப்புறம் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஒண்ணும் தெரியல."

"எது? பச்சை மையில எழுதின மூலப் பிரதியா?"

"ஆமா. உங்களுக்குக் குடுத்ததுதான் ஜெராக்ஸ்." இதுதான் சமயம் என்று அவன் நுழைந்தான். "கேக்கணும்னு இருந்தேன். ஒரு மாசமாச்சு. படிச்சீங்களா?"

"சாப்பாட்டு மணி அடிக்குது பாரு," என்றாள் அண்ணி.

நிறைவு விழாவில் திருப்பம் உருகாத நெஞ்சையும் உருக்கினார். பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர், புகைப்படக்காரர் ஒருவர். நாடகக்காரரை மேடையோரம் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இரண்டு சீடர்களை நிறுத்தியிருந்தார்கள். அவர் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் வரும் திசையைப் பார்க்கிறவர் மாதிரி.

"திறந்த ஜன்னல்," என்றார் திருப்பம். "செம்மண். குரோட்டன்ஸ் இலை. மூணு பொருள், மூணு வார்த்தை. சேர்த்துப் படிச்சா ஒரு வாக்கியம். ஜன்னலுக்கு வெளியில மூணாவது தொட்டி."

கூட்டம் வெளியே ஓடியது. மூன்றாவது தொட்டியின் மண்ணைக் கிளறினார்கள். பதக்கம் பளபளவென்று எழுந்து வந்தது. கைதட்டலில் மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. இத்தனை வருஷத்தில் தன் ஒரு புத்தகத்துக்கும் கிடைக்காத கைதட்டலைத் திருப்பம் கண்மூடி வாங்கிக்கொண்டார். பிறகு விரல் உயர்ந்தது. நாடகக்காரரை நோக்கி இறங்கத் தொடங்கியது.

"ஒரு சந்தேகம் சார்," என்றது கடைசி வரிசை.

அண்ணி மைக்கை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு உரத்துப் பேசும் பழக்கம் இல்லை. அதனால் எல்லாரும் அமைதியாக வேண்டியிருந்தது.

"பதக்கத்த வெச்சு மூடினதுக்கு அப்புறம் பைய எப்ப திறந்தீங்க?"

"திறக்கவே இல்லம்மா. திறந்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேனே. நேரா மேடைக்குக் கொண்டுவந்தேன், நாற்காலிப் பக்கத்துல வெச்சேன்."

"நிச்சயமா திறக்கல?"

"என் எழுத்து மேல சத்தியம்."

"கனமான சத்தியம் இல்லதான். இருந்தாலும் வெச்சுக்கறேன்." அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். ஓரம் நனைந்து ஊறிய தாள். ஒரு கடலைத் தோல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை மை. "காலையில பை வெடிச்சப்ப குப்பையோட வந்து என் கொழுந்தன் முதுகுல ஒட்டினது. அவன் எழுதின கதை. இத அவன் மேடைப் படிக்கட்டுல வெச்சு உங்க கையில குடுத்தான். அப்ப பை உங்க இன்னொரு கையில. அதுக்கு மேல பை மேடையிலதான் இருந்துச்சு, நாற்பது பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நாற்பது பேருக்கும் தழும்பு தெரிஞ்சிருக்கு, இது மட்டும் தெரியல. பையத் திறந்து இத உள்ள போட்டவர் நீங்க. போடறப்ப உள்ள பதக்கம் இல்ல, கடலைத் தோல்தான் இருக்குன்னு பார்க்கலையா?"

 வழக்கு உடைந்ததுகூடக் கொழுந்தனுக்கு உடனே உறைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்த கை, அவன் கண் கலங்கிய அந்த ஒரு நொடியில், அவன் கதையைக் குப்பையோடு குப்பையாகத் திணித்திருக்கிறது. அதுதான் உறைத்தது.

மேடையில் திருப்பத்தின் விரல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, கனக்கத் தொடங்கியது.

அப்போது அண்ணி ஒரு காரியம் செய்தாள். ஏறி மிதிக்க வேண்டிய இடத்தில் ஏணியைச் சாத்தினாள்.

"ஒருவேளை," என்றாள், "இதுவும் பயிற்சிதானோ சார்?"

திருப்பம் ஒரு கணம் அந்த ஏணியைப் பார்த்தார். அடுத்த கணம் அதன் உச்சியில் இருந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களே அம்மா. இங்கதான் திருப்பம். சாட்சியையும் நம்பாதே, தடயத்தையும் நம்பாதே, குருவையும் நம்பாதே. இதுதான் இந்த மாநாட்டோட கடைசிப் பாடம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்னதைவிடப் பலமாக. வாழைப்பழத் தோல் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'குருவையும் நம்பாதே' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். ஒன்றும் புரியாததால் எல்லாம் புரிந்துவிட்ட சந்தோஷம் எல்லா முகத்திலும் இருந்தது.

"அப்ப இவரு?" அண்ணி இன்னும் மைக்கை விடவில்லை.

"இவரு... நடிகர். அருமையான நடிகர்."

"திருடனா?"

"சேச்சே."

"கையைப் பிடிச்சு நடுமேடைக்குக் கூட்டிட்டு வந்து சொல்லுங்க. பத்திரிகைக்காரங்க எழுதிக்கட்டும். மெதுவாக் கூட்டிட்டு வாங்க, கால் சரியில்ல."

திருப்பம் கூட்டிவந்தார். சொன்னார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். நாடகக்காரர் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அன்று முழுவதும் அவர் செய்தவற்றில் அது ஒன்றுதான் நடிப்பு இல்லை.

வாகனம் நிறுத்துமிடம் வரைக்கும் கொழுந்தன் அவரை முதுகில் சுமந்துகொண்டு போனான். காலைக் கட்டிப்பிடித்தவன் முழு ஆளையும் சுமப்பதுதான் நியாயம் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியும்தான?" என்று அண்ணி கூடவே நடந்தபடி கேட்டாள்.

முதுகில் இருந்தவர் தலையாட்டினார். பிறகு, "பைய எடுத்துட்டு ஓடிப்போய், மதிலுக்கு அந்தப்பக்கம் வீசிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிருன்னாரு. முகம் யாருக்கும் தெரியாது, உன்ன அமர்த்தினதும் நான் மட்டும்தான், திருடன் தப்பிச்சான்னு முடிஞ்சிரும், பதக்கத்த நான் கண்டுபிடிச்சுக்கறேன்னாரு. தம்பி குறுக்க விழுவாருன்னு ரெண்டு பேருமே நெனைக்கல."

"மாட்டினப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றான் கொழுந்தன், மூச்சு வாங்கியபடி.

"நான் சொன்னா பழி சொன்ன மாதிரி. அவரு சொன்னா உண்மை. ஒரு வார்த்தை சொல்லுவாரு, சொல்லுவாருன்னே பார்த்துக்கிட்டிருந்தேன். விரல நீட்டற வரைக்கும் பார்த்தேன் தம்பி."

அவரை ஒரு வாடகை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது தலையை நீட்டி, "கல்யாணத்துக்கு வந்துருங்க. ஓடி மட்டும் வராதீங்க," என்றார்.

வண்டி திரும்பி மறைந்ததும் கொழுந்தன் அடக்கிவைத்திருந்ததைக் கொட்டினான். "அந்த ஆளைச் சும்மா விட்டுட்டீங்களே அண்ணி. கைதட்டு வாங்கிட்டுப் போறான்."

"நமக்கு எது வேணும்? அவன் மானம் போறதா, இவர் மானம் நிக்கறதா?"

"ரெண்டும்."

"ரெண்டுக்கும் அடி போட்டிருந்தா, அவன் கடைசி வரைக்கும் சண்டை போட்டிருப்பான். சண்டை முடியறதுக்குள்ள சம்பந்தி வந்துட்டுப் போயிருப்பாங்க." அண்ணி தங்கள் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "கைதட்டுதான? கொண்டுபோகட்டும். சமைச்சா சாப்பிட முடியும்?"

கொழுந்தன் பக்கத்தில் ஏறவில்லை. அவன் கையில் அந்தப் பச்சை மைத் தாள் இருந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது அண்ணி கொடுத்தது. மற்ற தாள்களெல்லாம் இந்நேரம் கடலைத் தோலோடு மாநாட்டுக் குப்பைக் கூடையில் இருக்கும். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. தாளை அதற்கு மேலே நீட்டினான்.

"திருப்பம் சார் ஒரு விஷயத்துல சரியாத்தான் சொல்லியிருக்காரு போல. வேலை செய்யாத பொருள்." சிரித்துப் பார்த்தான். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. "அண்ணி, இந்த ஒரு தடவை மட்டும் மணி அடிக்குது, குக்கர் கத்துதுன்னு சொல்லாதீங்க. படிச்சீங்களா இல்லையா?"

அண்ணி சாவியைத் திருகியிருந்தாள். எஞ்சின் உறுமத் தொடங்கியிருந்தது. அதை அணைத்தாள்.

"படிச்சேன். ரெண்டு தடவை. கொலைகாரன் யாருன்னு ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. உன் இன்ஸ்பெக்டர் மாதிரி பேசற இன்ஸ்பெக்டர நான் பார்த்ததில்ல. நாலு இடத்துல மழை பெய்யுது, நாலும் ஒரே மழை."

"அப்ப எதுக்கு ரெண்டாவது தடவை?"

"அந்தக் குடைக்காரப் பொண்ணுக்காக. அவன் செத்துட்டான், வரமாட்டான்னு தெரிஞ்சும் அந்தக் குடைய தெனமும் விரிச்சு, தூசி தட்டி, மடிச்சு, அதே ஆணியில மாட்டறா பாரு. அதுக்காக. அவள வெட்டினேன்னு வை, உன்னை நான் வேலைய விட்டுத் தூக்கிருவேன். ஏறு."